தொழிலுக்கு ஏற்ற இணைய இணைப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் நடைபெறவிருக்கும் இம்மேடையில், இணைய இணைப்பைப் பற்றிப் பேச ஓர் இரயில்வே எழுத்தன் வந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் பொறியியல் கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறிச் சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதுகின்றவன். ஆயினும் சரக்கு அனுப்ப வருகின்ற வணிகரிடம் நாங்கள் நாள்தோறும் கேட்கின்ற கேள்விகள் நான்கு உண்டு. என்ன சரக்கு, எந்தத் திசையில் போகின்றது? அப்பாதையில் உம்மோடு வேறு யார் யார் போகின்றனர்? எத்தனை மணி நேரத் தாமதத்தை உம்மால் தாங்க முடியும்? தாமதமானால் பொறுப்பு யாருடையது? தொழிலுக்கு இணையத் திட்டம் தேர்ந்தெடுப்பதற்கும் இந்த நான்கு கேள்விகளே போதும் என்பது என் துணிபு. அதனால்தான் செயலாளர் பணித்தபோது மறுக்காமல் ஒப்புக்கொண்டேன்.

இப்பொருள் இன்று நமக்கு ஏன் வேண்டும்? 1864ஆம் ஆண்டு சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்பாதை வழியே நம் முன்னோர் பலர் இந்நகருக்கு வந்தனர். இரயில்வேயிலும் ஆலைகளிலும் மாத ஊதியம் பெற்று வாழ்ந்தனர். இன்று அந்த நிலை மாறி வருகின்றது. ஓய்வுபெற்றோர் தம் சேமிப்பை இட்டு அச்சகம் வைக்கின்றனர். தாய்மார்கள் சமையலறையையே உணவகமாக்கி, செயலி வழியே வரும் ஆணைகளுக்கு உணவு கட்டித் தருகின்றனர். இளைஞர்கள் திருமண ஒளிப்படம் எடுக்கின்றனர், மாணவர்க்குக் கணினி வழியே பாடம் சொல்லுகின்றனர். இவர்கள் அனைவர்க்கும் வாடகை, மின்சாரம் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் செலவு இணையம். அந்தச் செலவைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாக எண்ணிப் பார்க்கின்றோம். துண்டு விளம்பரத்தில் பெரிதாக அச்சிட்ட எண்ணைப் பார்த்துக் கையெழுத்து இட்டுவிடுகின்றோம்.

இந்நகரில் தொழிலுக்கெனத் தகவல் இணைப்பு வாங்கிய பழைய செய்தி ஒன்றைச் சொல்லுகின்றேன். 1985ஆம் ஆண்டு டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், நம் கண்டோன்மெண்டு நிலையத்திற்குத் தொலைவில் இல்லாத மில்லர்ஸ் சாலையில், சோனா டவர்ஸ் கட்டடத்தில் தன் ஆராய்ச்சிக் கூடத்தை அமைத்தது. அக்காலத்தில் தொலைபேசியே எளிதில் கிடைக்காது. ஆதலின் அந்நிறுவனம் தனக்கென்றே ஒரு செயற்கைக்கோள் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டது. இங்குள்ள பொறியாளர் வரைந்த வடிவமைப்புகள் கடல் கடந்து செல்ல வேண்டும். சென்றால்தான் வருவாய். பெரிய நிறுவனம் தனி இணைப்பு வைத்துக்கொண்டது, சரி. சிறியவர்கள் என்ன செய்வது? 1991ஆம் ஆண்டு மத்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பை நிறுவியது. அது ஒரு செயற்கைக்கோள் நிலையத்தை வைத்துப் பல சிறு நிறுவனங்களுக்கு அதைப் பகிர்ந்து அளித்தது. தனி வண்டிக்குப் பணம் இல்லாதவர் பொது வண்டியில் ஒரு பெட்டியை வாடகைக்கு எடுப்பது போன்றது இது. இன்றைக்கும் கடைக்காரர் முன் நிற்கும் தேர்வு இதுவே. தனிப் பாதையா, பகிர்ந்த பாதையா என்பதுதான் அது.

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அப்போது தொலைபேசி வழியே கிடைத்த வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். ஒரு மெகாபைட் அளவுள்ள படம் வந்து சேர ஏறத்தாழ 14 நிமிடம் ஆகும். 2004ஆம் ஆண்டு அரசின் கொள்கை 256 கிலோபிட் வேகத்தையே அகலக்கற்றை என்றது. 2023ஆம் ஆண்டு அவ்வரையறை 2 மெகாபிட் என உயர்த்தப்பட்டது. இன்று நம் காலனியில் வீடு தேடி வருகின்ற முகவரோ 100 என்றும் 300 என்றும் கூறுகின்றார். இத்தனை வேகம் இருக்கும்போது இன்னும் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் என் முதற்கேள்வி வருகின்றது.

என்ன சரக்கு, எந்தத் திசையில்?

இரயில்வேயில் அப் லைன், டவுன் லைன் என்று இரண்டு உண்டு. இணையத்திலும் அவ்வாறே இரண்டு உண்டு. நமக்கு வந்து இறங்குவது டவுன்லோடு, நாம் ஏற்றி அனுப்புவது அப்லோடு. படம் பார்க்கும் வீட்டுக்கு வருவது மட்டுமே முக்கியம். தொழில் செய்வோர்க்குப் போவதும் முக்கியம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் இறங்கும் வேகம். ஏறும் வேகம் சில திட்டங்களில் அதற்குச் சமமாக இருக்கும், சிலவற்றில் மிகவும் குறைவாக இருக்கும். கேட்டால்தான் சொல்லுவர்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் போகாது. ஒளிப்படத் தொழில் செய்யும் தம்பி, 40 கிகாபைட் அளவுள்ள திருமணப் படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும் என்று கொள்ளுங்கள். ஏறும் வேகம் 100 மெகாபிட் என்றால் 53 நிமிடத்தில் முடியும். 10 மெகாபிட் என்றால் 8 மணி 53 நிமிடம் ஆகும். இறங்கும் வேகம் 300 என்று விளம்பரத்தில் இருந்ததனால் அவருக்கு ஆகப்போவது யாது?

இதற்கு மாறாக மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் தேவை மிகச் சிறியது. கட்டைவிரல் அளவுகூட இல்லை எனலாம். பணம் வந்ததைக் கூவிச் சொல்லும் பெட்டியில் பெரும்பாலும் அதற்கெனவே ஒரு சிம் இருக்கின்றது. பட்டியல் போடும் கணினிக்குச் சில மெகாபிட் போதும். கணினி வழியே பாடம் நடத்தும் ஆசிரியைக்குத் தெளிவான காணொளிக்கு ஏறத்தாழ 3 முதல் 4 மெகாபிட் இரு திசையிலும் இடையறாது வேண்டும். ஆதலால் முதலில் ஒரு தாளை எடுத்து, ஒரு நாளில் நம் தொழிலிலிருந்து என்னென்ன வெளியே போகின்றன என்று எழுதிப் பாருங்கள். அதன் பிறகே முகவரிடம் பேசுங்கள்.

அப்பாதையில் வேறு யார் போகின்றனர்?

நம் தெருவுக்கு வருகின்ற கண்ணாடி இழையை நமக்கு மட்டுமே உரியது என்று நினைக்க வேண்டா. பரவலாக உள்ள ஒரு முறையில், ஓர் இழையில் நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் இறங்கும், 1.25 கிகாபிட் ஏறும். அந்த ஓர் இழையை 32 அல்லது 64 இல்லங்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றனர். எல்லாரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தையும் கேட்பதில்லை என்னும் நம்பிக்கையில்தான் இக்கணக்கு நடைபெறுகின்றது. முன்பதிவு இல்லாப் பெட்டியில் இடம் கிடைப்பது போன்றதே இது. காலை 11 மணிக்குக் கால் நீட்டி அமரலாம். இரவு 9 மணிக்கு நிற்க வேண்டும். ஆதலின் இணைப்பைச் சோதிக்கும்போது உங்கள் தொழில் மும்முரமாக நடக்கும் நேரத்தில் சோதியுங்கள். சோதிக்கும்போது கணினியைக் கம்பி வழியே ரவுட்டரில் இணையுங்கள். பழைய குவார்ட்டர்ஸ்களின் கனத்த சுவர்கள் வைஃபை அலையை விழுங்கிவிடும். அக்குற்றத்தை நிறுவனத்தின்மேல் சுமத்துவது முறையன்று.

வரம்பற்றது என்னும் சொல்லையும் ஆராய வேண்டும். பல வீட்டுத் திட்டங்களில் மாதம் 3,300 கிகாபைட் என்றொரு வரம்பு சிறிய எழுத்தில் இருக்கும். அதனைக் கடந்தால் வேகம் குறையும். நாள் ஒன்றுக்கு 110 கிகாபைட் என்பது பெரும்பாலோர்க்குப் போதுமானது. ஆனால் கடையில் 4 கண்காணிப்புக் கேமராக்கள் வைத்து, ஒவ்வொன்றும் 2 மெகாபிட் வீதம் இரவும் பகலும் வெளியிடத்துச் சேமிப்பகத்திற்கு அனுப்பினால், 30 நாளில் 2,592 கிகாபைட் ஆகிவிடும். வரம்பில் முக்கால் பங்குக்கு மேல் கேமராவே தின்றுவிடும்.

எத்தனை மணித் தாமதத்தைத் தாங்குவீர்?

தோழர்களே, இதுவே என் உரையின் உயிர்நாடி. மெதுவான இணைப்பு தொழிலை மெல்ல வருத்தும். அறுந்த இணைப்போ ஒரே நாளில் கவிழ்த்துவிடும். நம் காலனியில் ஒருவர் சென்ற முகூர்த்த மாதத்தில் பட்ட பாட்டை உங்களில் பலர் அறிவீர்கள். மிகுந்த வேகமுள்ள வீட்டுத் திட்டம் ஒன்றை வைத்திருந்தார். சாலை தோண்டும்போது இழை அறுந்தது. மூன்று நாள் சரிசெய்ய எவரும் வரவில்லை. அச்சிட வேண்டிய அழைப்பிதழ்களின் மாதிரியை உரிய நாளில் அனுப்ப முடியவில்லை. ஓர் ஆண்டாகக் கட்டிக் காத்த வாடிக்கையாளர் வேறிடம் போய்விட்டார். வேகத்திற்கு அவர் கொடுத்த கூடுதல் பணம் அந்த மூன்று நாளில் எதற்கும் பயன்படவில்லை.

தொழில்முறைத் திட்டங்களில், மாதத்தில் இத்தனை விழுக்காட்டு நேரம் இணைப்பு இயங்கும் என்று எழுதித் தருவர். 99 விழுக்காடு என்று கேட்டால் மனம் குளிர்கின்றது. 30 நாளுக்கு 720 மணி. அதில் ஒரு விழுக்காடு 7 மணி 12 நிமிடம். அத்தனை நேரம் நின்றாலும் அவர்கள் வாக்குத் தவறியவர் ஆகார். 99.5 என்றால் 3 மணி 36 நிமிடம். 99.9 என்றால் 43 நிமிடம். ஒரு தசமப் புள்ளியின் மதிப்பைப் பாருங்கள்!

இப்போது உங்கள் தொழிலுக்குத் திரும்புங்கள். ஒரு மணி நேரம் இணைப்பு இல்லையென்றால் உங்களுக்கு இழப்பு எவ்வளவு? ரூ.300 என்று வைத்துக்கொள்வோம். உயர்ந்த திட்டம் மாதம் 6 மணி நேர நிறுத்தத்தைத் தவிர்க்கும் என்றால், அதன் மதிப்பு ரூ.1,800. அதற்காகக் கூடுதலாக ரூ.1,000 கேட்டால் கொடுக்கலாம். ரூ.3,000 கேட்டால் வேண்டா என்று சொல்லிவிடலாம். முழு வேகமும் நமக்கே உரிய தனி இணைப்பு, அதாவது லீஸ்டு லைன், இவற்றில் மிகவும் விலை உயர்ந்தது. மருத்துவமனைக்கும் பெரிய அலுவலகத்திற்கும் அது பொருந்தும். தையற்கடைக்குப் பொருந்துமா என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

எளியவர்க்கு இன்னொரு வழியும் உண்டு. தமிழ்நாட்டுக்குச் செல்லச் சோலையார்பேட்டைப் பாதை தடைபட்டால், ஓசூர், தருமபுரி வழியாகச் சேலத்தை அடையலாம் அன்றோ? அதுபோல இரண்டாவது பாதை ஒன்றை வைத்துக்கொள்வது. ஆனால் இரண்டு நிறுவனங்களின் கம்பியும் ஒரே கம்பத்தில், ஒரே மரக்கிளையில் தொங்கினால் அது இரண்டு பாதை ஆகாது. மரம் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்தே அறும். பெங்களூரின் கோடை மழையைக் கண்டவர்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? ஆகவே ஒன்று கம்பி வழியாகவும், மற்றொன்று கைப்பேசிக் கோபுரத்தின் வழியாகவும் இருத்தல் நன்று. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் 5ஜி சேவை நம் நாட்டில் தொடங்கிய பின் இது மேலும் எளிதாயிற்று. வேகமான ஒரே இணைப்புக்குக் கொடுக்கும் பணத்தில், நடுத்தரமான இணைப்பு ஒன்றும் அவசரத்திற்கு ஒரு சிம்மும் வைத்துக்கொள்வதே சிறுதொழிலுக்கு நலம் என்று கருதுகின்றேன்.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. பெஸ்காம் மின்சாரம் நின்றால் கைக்கு அடங்கும் சிறு யு.பி.எஸ். ஒன்று மோடத்தையும் ரவுட்டரையும் சில மணி நேரம் காக்கும். ஆனால் சில உள்ளூர் நிறுவனங்களின் இணைப்பு, தெருவில் வேறொருவர் வீட்டு மாடியில் உள்ள பெட்டியைக் கடந்து வருகின்றது. அப்பெட்டிக்கு மின்சாரம் இல்லையேல் நம் யு.பி.எஸ். என்ன செய்யும்? வழியில் மின்சாரம் வேண்டும் கருவி ஏதேனும் உண்டா என்று முன்னரே கேட்டறிக.

பொறுப்பு யாருடையது?

வீட்டுத் திட்டம் வீட்டுக்கென்றே விற்கப்படுவது. அதில் கடை நடத்தினால், பழுது நேர்ந்தபோது உம் அவசரம் அவர்களுக்கு அவசரமாகத் தோன்றாது. தொழில்முறைத் திட்டத்தில் எத்தனை மணிக்குள் பழுது நீக்குவர் என்பதை எழுத்தில் கேளுங்கள். தவறினால் என்ன ஈடு தருவர் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பங்கைத்தான் கழித்துக்கொள்வரே ஒழிய, போன வாடிக்கையாளரை மீட்டுத் தரமாட்டார். வெளியூரிலிருந்து கடைக் கணினியையோ கேமராவையோ நேரே அணுக வேண்டுவோர், நிலையான ஐ.பி. முகவரி அத்திட்டத்தில் அடங்கியுள்ளதா, தனிக் கட்டணமா என்றும் வினவ வேண்டும். வாசல் எண் நாளுக்கு நாள் மாறினால் அஞ்சற்காரர் எவ்வாறு வீட்டைக் காண்பார்?

முறையீடு செய்தால் அதன் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். அங்கே தீராவிட்டால் ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. 1997இல் அமைந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த முறை இது. ஆணையம் தனி ஒருவர் வழக்கை நேரே விசாரிப்பதில்லை. ஆதலின் அந்தப் பதிவு எண்ணே நம் ஆயுதம்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். மாதம் ரூ.800 என்று விளம்பரம் இருந்தால், 18 விழுக்காடு வரி ரூ.144 சேர்த்து ரூ.944 கட்ட வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு செய்து முறையாக வரி செலுத்தும் தொழிலர், இணைப்பு வாங்கும்போதே தம் பதிவு எண்ணைக் கொடுத்தால் அந்த ரூ.144ஐத் தாம் செலுத்தும் வரியில் வரவு வைத்துக்கொள்ளலாம். தொகுப்பு முறையில் வரி கட்டுவோர்க்கு இவ்வாய்ப்பு இல்லை. மேலும், கணக்கு எழுதும் நண்பர்களே, மாதக் கணக்குத் தாக்கல் செய்ய 20ஆம் நாள் இறுதி நாள். அன்று மாலை இணைப்பு அறுந்தால் தாமதக் கட்டணம் உம் தலையில் விழும். இரண்டாம் பாதை வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இப்போது விளங்கும்.

எந்த நிறுவனம் சிறந்தது என்று கேட்பீர்கள். பி.எஸ்.என்.எல். உண்டு. இந்நகரிலேயே பிறந்த ஏ.சி.டி. உண்டு. ஏர்டெல், ஜியோ உண்டு. 2000ஆம் ஆண்டு தொடங்கி, நம் இருப்புப்பாதையின் ஓரமாகவே இழை பதித்த ரெயில்டெல்லின் ரெயில்வயரும் உண்டு. எவரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ நான் வரவில்லை. ஒரே நிறுவனம் ஒரு தெருவில் நன்றாகவும் அடுத்த தெருவில் மோசமாகவும் இருக்கக் காண்கின்றோம். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் உள்ளூர் ஆளைப் பொறுத்தது அது. அவரிடம் நாலு சொல் கன்னடத்தில் அன்பாகப் பேசுங்கள், பெயர் கேட்டு வையுங்கள். இவ்வூரில் பேருந்து முதல் வங்கி வரை ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்னும் சொல் நம்மை இதமாக நடத்திச் செல்லுகின்றது. ஒப்பந்தத் தாளில் மட்டும் அதற்கு இடம் தராதீர்கள். ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று முன்பணம் கட்டச் சொன்னால், முதலில் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பிறகு கட்டுகின்றேன் என்று சொல்லுங்கள்.

இறுதியாக நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். ஒவ்வொரு தொழிலரும் தம் தெரு, நிறுவனம், திட்டம், மாதக் கட்டணம், இணைப்பு அறுந்த நாள், சரியான நாள் ஆகியவற்றை அதில் எழுதி வரட்டும். ஓர் ஆண்டு முடிந்ததும் அதைவிடச் சிறந்த வழிகாட்டியை எந்த விளம்பரமும் நமக்குத் தர இயலாது. பத்துக் குடும்பங்கள் ஒன்றாகச் சென்று கேட்டால் விலையும் குறையும், பழுது நீக்கும் ஆளும் விரைந்து வருவார். பேரேடு எழுதுவது எனக்குப் பழகிய தொழில். அக்குறிப்பேட்டைப் பேணும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கின்றேன்.